வீடா, அலுவலகமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு வரச் சொல்லும் உத்தரவுகள் குறித்து வாசகர்கள் பலர் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அவற்றுள் பலருக்கும் பொதுவான கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் நிறுவனத்தையும் தவிர்த்து, அவர்கள் செய்யும் வேலையை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: கொரோனா காலத்திலிருந்து நாங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தோம். இப்போது, வீட்டிலிருந்தால் உற்பத்தித்திறன் குறைகிறது என்று சொல்லி, வாரத்தின் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்கிறார்கள். இது ஆய்வுகள் நிறுவிய உண்மையா, வெறும் சாக்கா? – மென்பொருள் பொறியாளர்

பதில்: நிறுவப்பட்ட உண்மை என்று சொல்ல முடியாது, வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளே எதிரெதிரான முடிவுகளைத் தந்திருக்கின்றன. அவை எங்கே, ஏன் வேறுபடுகின்றன என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

சீனாவின் பெரிய பயண முன்பதிவு நிறுவனமான சிட்ரிப், 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தன் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்தார்கள். விருப்பம் தெரிவித்த ஊழியர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வழக்கம்போல அலுவலகத்திலிருந்தும் ஒன்பது மாதங்கள் வேலை செய்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோரின் விகிதம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த 13-இல் 9 சதவீதம், இடைவேளைகளும் மருத்துவ விடுப்புகளும் குறைந்து கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. அமைதியான சூழலில் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கையாண்டதால் வந்தது எஞ்சிய 4 சதவீதமே. பரிசோதனை முடிந்தபின் அவரவர் விருப்பத்துக்கு விட்டபோது, பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் முதல் தேர்வை மாற்றிக்கொண்டார்கள். தனிமையைத் தாங்க முடியவில்லை என்பது அலுவலகத்துக்குத் திரும்பியவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

இதற்கு நேர்மாறான முடிவு சென்னையில் தரவு உள்ளீட்டுப் பணியாளர்களிடையே நடந்த ஆய்வில் கிடைத்தது. அதன் முடிவுகள் 2023-இல் வெளியாயின. யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த அந்த ஆய்வில், வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி முதல் நாளிலேயே தெரிந்தது. எஞ்சியது, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை விரைவாகக் கற்றுக்கொண்டதால் நாளடைவில் உண்டானது. வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்களுக்கே வீட்டில் திறன் அதிகமாகக் குறைந்தது என்பதுதான் அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குழந்தையையோ முதியவரையோ கவனித்துக்கொள்ள வேண்டியவர்தான் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறார். அவருடைய கவனத்தை வேலையிலிருந்து இழுப்பதும் அதே பொறுப்புதான்.

உங்கள் துறைக்கு நெருக்கமான ஆய்வும் ஒன்று உண்டு. ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பணிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து அவர்கள் அதிக மணி நேரம் உழைத்தும், செய்து முடித்த வேலை கூடவில்லை என்று தெரிந்தது. கூட்டங்களும் ஒருங்கிணைப்புப் பணிகளும் பெருகின. இடையூறின்றி ஒரே வேலையில் மூழ்கியிருக்கும் நேரம் குறைந்தது. இது பெருந்தொற்றுக் காலத்தின் கணக்கு, விரும்பி ஏற்ற ஏற்பாட்டின் கணக்கு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் நிர்வாகம் சொல்லும் ஐந்து நாளுக்கு வருவோம். அதே சிட்ரிப், டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, 2021–22-இல் பொறியாளர்கள், சந்தைப்படுத்துவோர், நிதித் துறையினர் உள்ளிட்ட 1,612 பேரிடம் வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்ற முறையைப் பரிசோதித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளின் அப்ரைசல் மதிப்பெண்களிலோ பதவி உயர்விலோ எந்தக் குறைவும் தென்படவில்லை. ராஜினாமாக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில், இது உற்பத்தித்திறனைக் குறைக்கும் என்று மதிப்பிட்ட மேலாளர்கள், பரிசோதனையின் முடிவில் சிறிது கூட்டியிருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களை வைத்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வும், திரும்பி வரச் சொன்ன உத்தரவுகளுக்குப் பின் நிறுவனங்களின் நிதிநிலை குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை, ஊழியர்களின் மனநிறைவுதான் குறைந்தது என்றே காட்டியது.

ஆக, முழுவதும் வீட்டிலேயே இருப்பதற்கு எதிராக வாதிட உங்கள் நிர்வாகத்திடம் நியாயமான காரணங்கள் இருக்கக்கூடும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தாலும் திறன் குறையும் என்று சொல்வதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. எந்த வேலை தாமதமானது, எந்த அளவுகோலில் குறைவு தெரிந்தது என்று உங்கள் குழுவின் கணக்கைக் காட்டும்படி கேளுங்கள். காட்ட முடியாத நிர்வாகம் வேறு ஏதோ காரணத்தை வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் வர வேண்டும் என்பது எங்கள் விதி. நான் வரும் நாளில் என் குழுவில் வேறு யாரும் வருவதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் வீடியோ அழைப்பில் பேசிவிட்டுத் திரும்புகிறேன். இதற்கு ஏன் வர வேண்டும்? – கணக்குப் பிரிவு ஊழியர்

பதில்: இதற்கு வரத் தேவையே இல்லை. அலுவலகத்தால் கிடைக்கும் பயன் அங்கிருக்கும் மனிதர்களால் கிடைப்பது. அவர்கள் இல்லாத நாளில் உங்கள் பயணச் செலவும் நேரமும் வீண்தான். எந்த மூன்று நாள் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்ந்துகொள்வதற்குப் பதிலாக, ஒரு குழு முழுவதும் ஒரே நாட்களில் வரும்படி முடிவு செய்ய வேண்டும். டிரிப்.காம் பரிசோதனையிலும் வீட்டிலிருக்கும் நாட்கள் புதன், வெள்ளி என்று பொதுவாக வரையறுக்கப்பட்டிருந்தன. இதை உங்கள் மேலாளரிடம் நீங்களே முன்மொழியலாம். செலவில்லாத மாற்றம் என்பதால் மறுப்பது கடினம்.

கேள்வி: எனக்கு இது முதல் வேலை. சேர்ந்து ஓராண்டு ஆகிறது. முழுவதும் வீட்டிலிருந்துதான். கொடுத்த வேலையை முடித்துவிடுகிறேன், யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்ற எண்ணம் வருகிறது. இது என் குறையா? – புதிதாகச் சேர்ந்த நிரலாளர்

பதில்: உங்கள் குறை அல்ல. இந்த விவாதத்தில் அதிகமாக இழப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். இழப்பது என்னவென்று அவர்களுக்கே தெரியாததால் அவர்கள் குரலும் விவாதத்தில் கேட்பதில்லை. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவருக்கு வேலை தெரியும், ஆட்களைத் தெரியும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதும் தெரியும். அந்த மூன்றையும் அவர் ஒரு காலத்தில் அலுவலகத்தில்தான் சேர்த்துவைத்தார். இன்று வீட்டிலிருந்து அவர் நிம்மதியாக வேலை செய்வது அந்தச் சேமிப்பை வைத்துத்தான்.

வேலை கற்பது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நீங்கள் எழுதிய நிரலில் ஒரு பிழை. மூத்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்தால், உங்கள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “முதலில் லாக் ஃபைலைத் திற, கடைசி வரியிலிருந்து மேலே போ” என்பார். பிழையைத் திருத்தும் வழியோடு, பிழையை எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். தொலைவில் இருந்தால், அதே மூத்தவருக்கு நீங்கள் ஒரு செய்தி எழுத வேண்டும். எழுதுமுன், இது கேட்கத் தகுந்த கேள்விதானா, அவர் மீட்டிங்கில் இருப்பாரா, எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடுவாரா என்று மூன்று முறை யோசிப்பீர்கள். கடைசியில் கேட்காமலேயே இரண்டு மணி நேரம் போராடி எப்படியோ முடிப்பீர்கள். வேலை முடிந்தது என்று கணக்கில் ஏறும். பாடம் நடக்கவில்லை என்பது எங்கும் பதிவாகாது. பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதையே எண்ணிக்கையாகக் கண்டார்கள். குழுவினர் அனைவரும் ஒரே கட்டடத்தில் இருந்தபோது, ஒருவர் எழுதிய நிரலுக்குக் கிடைத்த கருத்துரைகள் அதிகமாக இருந்தன. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டது. இளையவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் இழப்பு கூடுதலாக இருந்தது. குழுவில் ஒரே ஒருவர் வேறு கட்டடத்தில் இருந்தாலும்கூட, பக்கத்தில் இருப்பவர்களிடையே பரிமாற்றம் குறைந்தது.

அந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. அருகில் உட்கார்ந்திருந்தபோது மூத்தவர்கள் எழுதிய நிரல்களின் அளவு குறைந்திருந்தது, ஏனெனில் அவர்களுடைய நேரத்தின் ஒரு பகுதி இளையவர்களுக்குச் சென்றது. அதாவது, வீட்டிலிருந்தபோது எங்கள் உற்பத்தி கூடியது என்று மூத்தவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இளையவர்களுக்குச் சேர வேண்டிய நேரம் அந்தக் கணக்குக்குள் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். இதைப் படிக்கும் மூத்தவர்கள் இதை ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் ஒருவர் அப்படி நேரம் கொடுத்தார் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது அலுவலகம் போக வாய்ப்பிருந்தால் தயங்காமல் போங்கள், உங்கள் மூத்தவர் வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு போங்கள். போக முடியாத ஏற்பாடு என்றால், அவருடன் நாள்தோறும் அரைமணி நேரம் திரையைப் பகிர்ந்து சேர்ந்து வேலை செய்யக் கேளுங்கள். சந்தேகம் கேட்பதற்கு மட்டும் என்றில்லாமல், அவர் தன் வேலையைச் செய்வதை நீங்கள் பார்ப்பதற்கும் அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். அரைமணி நேரம் முட்டி மோதியும் வழி கிடைக்காவிட்டால் கேட்டுவிடுவது என்று உங்களுக்கு நீங்களே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது தனிச் செய்தியில் கேட்பதைவிடக் குழுவின் பொதுப் பக்கத்தில் கேட்பது நல்லது; உங்களைப் போலவே தயங்கும் இன்னொருவருக்கும் அது உதவும்.

கேள்வி: என் கீழ் பலர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். உண்மையில் வேலை செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணினியைக் கண்காணிக்கும் மென்பொருள் வாங்கலாமா? – குழு மேலாளர்

பதில்: வாங்காதீர்கள். விசைப்பலகையில் விரல் எத்தனை முறை பட்டது, மவுஸ் எவ்வளவு நேரம் நகர்ந்தது என்று எண்ணும் மென்பொருள், விரலும் மவுஸும் அசைந்ததைத்தான் சொல்லும். கண்காணிப்பு வந்த இடங்களில், மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. அலுவலக வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிற வழக்கமும் இதே வகைதான். வருகையை அளந்தால் வருகையைக் காட்டுவார்கள்.

இந்தக் கேள்வி உங்களுக்கு எழுகிறது என்றால், ஒவ்வொருவரும் இந்த வாரம் எதை முடிக்க வேண்டும் என்பது தெளிவாக எழுதப்படவில்லை என்று பொருள். அது தெளிவாக இருந்தால், வெள்ளிக்கிழமை மாலை விடை தானாகத் தெரியும். ஒருவருடைய வேலையை வாரக்கணக்கில் பிரித்து அளக்க முடியாது என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவருடன் தனியாக உட்கார்ந்து, என்ன நடக்கிறது, எங்கே தடை என்று பேசுங்கள். உண்மையாகவே ஒருவர் வேலை செய்யவில்லை என்றால், அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொல்லத் தயங்கி, எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அப்படி அழைப்பதில் முதலில் மனம் வெறுத்துப் போவது நன்றாக வேலை செய்கிறவர்கள்தான்.

கேள்வி: வீட்டில்தானே இருக்கிறாய் என்று எல்லா வேலையும் என்மேல் விழுகிறது. அலுவலகத்திலோ, வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று இரவு ஒன்பது மணிக்கும் அழைக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வது வரம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. – வாசகி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பதில்: இரண்டு தரப்பும் உங்கள் நேரத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்கின்றன, நீங்கள் நடுவில் நசுங்குகிறீர்கள். 27 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றில், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் பயணம் மிச்சமாவதால் சராசரியாக 72 நிமிடம் கிடைப்பதாகவும், அதில் ஏறத்தாழ 40 சதவீதம் மீண்டும் அலுவலக வேலைக்கே போவதாகவும் தெரிந்தது. மிச்சமான நேரத்தின் கணிசமான பங்கை நிறுவனம் ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்கும்போது, இரவு ஒன்பது மணியும் வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. சில நாடுகள் இதைச் சட்டமாகவே வரையறுத்துள்ளன: வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் நடைமுறையில் உள்ளது. உங்களுக்கு அத்தகைய சட்டம் இல்லாவிட்டாலும், இத்தனை மணிக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் காலை பதில் தருவேன் என்று மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதை ஒருநாள்கூடத் தவறாமல் கடைப்பிடியுங்கள். ஒருமுறை பதில் தந்துவிட்டால் மறுபடி தொடங்கிவிடும்.

வீட்டாரிடம் பேசுவது இதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். கதவை மூடிக்கொள்ள ஓர் அறை இருப்பவருக்குத் தரப்படும் ஆலோசனைகள், கூடத்தின் மூலையில் லேப்டாப்பை வைத்து வேலை செய்பவருக்குப் பயன்படாது. நீங்கள் வேலையில் இருக்கும் நேரம் எது என்பதை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் எந்த வேலையை வேறு யார் செய்வார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால், வாரத்தில் சில நாள் அலுவலகம் போவதை நீங்களே கேட்டுப் பெறுவதில் எந்தத் தோல்வியும் இல்லை. உங்களுக்கு அது ஓய்வாகவே அமையலாம்.

கேள்வி: நான் செவிலியர். இந்த விவாதத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இடமே இல்லையா?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்கள் 2020-இல் கணித்தபடி, அமெரிக்காவிலேயே 37 சதவீத வேலைகளைத்தான் முழுவதும் வீட்டிலிருந்து செய்ய முடியும். வருமானம் குறைந்த நாடுகளில் அந்த விகிதம் மேலும் குறைவு. பேசப்படுவது சிறுபான்மையினரின் பிரச்சினைதான். ஆனாலும், மற்றவர்களும் அலுவலகம் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. இரவுப் பணி முடிந்து நீங்கள் திரும்பும் நேரத்தில் பேருந்தில் கூட்டம் கூடும், அவ்வளவுதான். இடத்தில் சலுகை தர முடியாத வேலைகளில் நேரத்தில் சலுகை தரலாம். பணி நேர அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகத் தருவதும், ஷிப்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள அனுமதிப்பதும் அத்தகையவை. மேசை வேலை செய்பவர்களுக்கு வளைந்து கொடுக்கும் மருத்துவமனை நிர்வாகங்கள், வார்டில் நிற்பவர்களுக்கு இதையாவது செய்ய வேண்டும்.

கேள்வி: நான் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பதவி உயர்வில் பின்தங்கிவிடுவேனா? – வடிவமைப்பாளர்

பதில்: அந்த ஆபத்து உண்டு. முன்பு சொன்ன ஷாங்காய் பரிசோதனையிலேயே, ஒரே அளவு திறன் காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பின்னர் நடந்த டிரிப்.காம் பரிசோதனையில், வாரத்தில் மூன்று நாள் வந்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. கண்ணில் படுகிறவரே மேலதிகாரியின் நினைவிலும் முதலில் வருகிறார். அதைத் திருத்த வேண்டியது நிர்வாகம். அது திருந்தும் வரை, மாதந்தோறும் முடித்த வேலைகளையும் அவற்றால் விளைந்த பயனையும் அரைப்பக்க அளவில் எழுதி மேலாளருக்கு அனுப்பி வாருங்கள். அப்ரைசல் கூட்டத்தில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் அவர்தான். பேசுவதற்கு அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கேள்வி: திரும்பி வரச் சொல்லும் உத்தரவை மறுக்க எனக்கு உரிமை உண்டா? வயதான தாயாரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. – காப்பீட்டு நிறுவன ஊழியர்

பதில்: முதலில் உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பணியிடம் என்று ஓர் அலுவலக முகவரி குறிப்பிடப்பட்டிருந்து, வீட்டிலிருந்து வேலை என்பது பின்னாளில் மின்னஞ்சலில் தரப்பட்ட தற்காலிக அனுமதி என்றால், நேரடியாக மறுப்பது உங்கள் வேலைக்கே ஆபத்தாக முடியலாம். நிரந்தரமாகத் தொலைவிலிருந்து வேலை என்று கடிதத்திலேயே இருந்தால், அதை ஒருதலையாக மாற்ற முடியுமா என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான ஏற்பாட்டைக் கோரும் உரிமை ஊழியருக்கு இருக்கிறது. நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அங்கேயும் அது கோரும் உரிமைதான், கட்டாயம் பெறும் உரிமை அல்ல.

எனவே மறுப்புக் கடிதம் எழுதாதீர்கள், கோரிக்கைக் கடிதம் எழுதுங்கள். அதில் தாயாரின் உடல்நிலையை ஓரிரு வரிகளில் சொன்னால் போதும், மருத்துவச் சான்றை இணைத்துவிடுங்கள். எந்தெந்த நாட்களில், எத்தனை மணிக்கு அலுவலகம் வர முடியும் என்பதை முதலில் எழுதுங்கள். வர முடியாத நாட்களை அதற்குப் பிறகு எழுதுங்கள். நேரில் செய்தே ஆக வேண்டிய பணிகள் எவை, அவற்றை வரும் நாட்களில் எப்படி முடிப்பீர்கள் என்று காட்டுங்கள். கடந்த ஓராண்டில் தாமதமின்றி முடித்த வேலைகளைக் குறிப்பிடுங்கள். நிரந்தர ஏற்பாடு கேட்பதைவிட, மூன்று மாதம் முயன்று பார்த்து மறுபரிசீலனை செய்யலாம் என்று கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். கடிதத்தை மேலாளருக்கும் எச்.ஆர். பிரிவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, முடிவை எழுத்தில் தரும்படி கடைசி வரியில் கேளுங்கள். வாய்மொழியாகச் சம்மதித்த மேலாளர் வேறு பிரிவுக்கு மாறிப் போனால், அவர் இடத்துக்கு வருபவர் அந்தச் சம்மதத்தை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.